கெர்னல் பேனிக் வந்த கணினியை ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்தில் உங்கள் அச்சகத்தில் இருக்கும் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) கணினியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கிறது, யு.பி.எஸ். பேட்டரி ஏற்கெனவே வலுவிழந்திருந்ததால் கணினியும் உடனே அணைந்துவிட்டது. அடுத்த நாள் இயக்கியபோது "கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: வி.எஃப்.எஸ்.: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்.எஸ். ஆன் அன்னோன்-பிளாக்(0,0)" என்ற வரியோடு நின்றுவிட்டது. ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வடிவமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பொறியியல் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் தானே கம்பைல் செய்த (மூல நிரலிலிருந்து உருவாக்கிய) கெர்னலும் அவருடைய லேப்டாப்பில் இதே வரியில் நிற்பதால், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், ஃபார்மட் செய்யாதீர்கள். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, பூட் ஆகவில்லை (தொடங்கவில்லை) என்பது ஒரு செய்தி. கோப்புகள் அழிந்துவிட்டன என்பது முற்றிலும் வேறொரு செய்தி. உங்கள் திரையில் வந்திருப்பது முதலாவது மட்டுமே. கோப்புகள் இருக்கும் பகுதியைத் தன்னால் சென்றடைய முடியவில்லை என்றுதான் கெர்னல் சொல்கிறது. அந்தப் பகுதி கெட்டுவிட்டதாக அது எங்கும் சொல்லவில்லை. மீள முடியாத பிழையைக் கண்டு பேனிக் ஆகும் கெர்னல், நிலுவையில் உள்ள எதையும் வட்டில் எழுத முயலாமல் அப்படியே நின்றுவிடும். தான் இருக்கும் குழப்பமான நிலையில் எதையாவது எழுதி மேலும் சேதம் விளைவிக்கக் கூடாது என்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் வடிவமைப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று நம்பிக்கையோடு தொடங்கலாம்.

கணினி தொடங்குவது ஒரே செயலன்று. பல கைகள் மாறி நடக்கும் ஒப்படைப்பு அது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் அல்லது யு.இ.எஃப்.ஐ. முதலில் விழித்து, கிரப் என்னும் பூட் லோடரை அழைக்கிறது. கிரப், வட்டில் பூட் என்ற கோப்புறையிலிருந்து இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஒன்று கெர்னல், மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தற்காலிகக் கோப்பு அமைப்பு. வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர்கள் அந்தத் தற்காலிக அமைப்புக்குள்தான் இருக்கும். அவற்றைக் கொண்டு உண்மையான ரூட் பகுதியை, அதாவது இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை (பார்ட்டிஷனை), கண்டுபிடித்து, அதை மவுண்ட் செய்து (அணுகும்படி இணைத்து), அங்குள்ள முதல் நிரலான இனிட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தால்தான் உங்கள் டெஸ்க்டாப் வரும். கன்னடியன் கால்வாயில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலை விற்றுவிடுவதில்லை. மடை மடையாக மேலே நடந்து, தண்ணீர் எதுவரை வந்து நின்றிருக்கிறது என்று பார்க்கிறோம். பூட் கோளாறையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். திரையில் கடைசியாக எது வந்தது என்பதே ஒப்படைப்பு எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று சொல்லிவிடும்.

உங்கள் விஷயத்தில் கிரப் வேலை செய்திருக்கிறது, கெர்னலும் ஏறியிருக்கிறது. ரூட் பகுதியைத் தேடும் கட்டத்தில்தான் அறுந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களை எல்லோரும் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் செய்தியின் சாரமே அங்குதான் இருக்கிறது. முதல் எண் சாதன வகையையும் இரண்டாவது எண் அந்த வகைக்குள் எந்தச் சாதனம் அல்லது பகுதி என்பதையும் குறிக்கும். அது 8,1 என்று இருந்திருந்தால், கெர்னல் சாட்டா வட்டின் முதல் பகுதியைக் கண்டுகொண்டது, ஆனால் அதில் உள்ள கோப்பு அமைப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது கோப்பு அமைப்பு பழுதாகியிருக்கலாம், அல்லது அதற்கான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். 0,0 என்பதோ, சொல்லப்பட்ட பெயருக்கு உரிய எந்தச் சாதனமுமே கெர்னலுக்குக் கிடைக்கவில்லை என்பதாகும். உபுண்டுவில் அப்டேட்டுக்குப் பிறகு 0,0 வந்தால், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு இல்லை அல்லது அரைகுறையாக இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெர்னல் அப்டேட்டில் கெர்னல் கோப்பு ஆயத்தமாகவே வந்து இறங்கிவிடும். இனிட்ராம்எஃப்எஸ்ஸோ உங்கள் கணினியிலேயே, அதன் வன்பொருளுக்கும் அமைப்புக்கும் ஏற்ப உருவாக்கப்படுகிறது. அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கெர்னல் இருக்கும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற அதன் துணைக்கோப்பு இருக்காது. வட்டில் எழுதப்படுவதற்காக நினைவகத்தில் காத்திருந்த தரவும் அந்தக் கணத்தில் மறைந்துவிடுவதால், கோப்பு இருந்தும் உள்ளே பாதிதான் இருக்கலாம். அதன்பின் ஏதோ ஒரு காரணத்தால் கிரப் பட்டியல் மீண்டும் எழுதப்பட்டால், துணைக்கோப்பு இல்லாத அந்தப் புதிய கெர்னலும் பட்டியலின் உச்சியில் இடம் பிடித்துவிடும். மின்சாரம் போகாமலேயே இது நேரும் இன்னொரு வழி, பூட் பகுதியில் இடம் தீர்ந்துபோவது. வட்டை என்கிரிப்ட் செய்தோ எல்.வி.எம். (வட்டுப் பகுதிகளை நெகிழ்வாகப் பிரிக்கும்) முறையிலோ நிறுவியவர்களுக்கு பூட் தனிப் பகுதியாக, சிறியதாக இருக்கும். பழைய கெர்னல்கள் அங்கே சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடமிருக்காது.

இந்தச் சந்தேகத்தை உறுதிசெய்ய, பேனிக் வரிக்குச் சற்று மேலே பாருங்கள். கிடைக்கக்கூடிய பார்ட்டிஷன்கள் இவை என்று கெர்னல் ஒரு பட்டியல் தந்திருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் வட்டும் அதன் பகுதிகளும் இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது, பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பட்டியல் வெறுமையாக இருந்தால் வட்டின் டிரைவரே ஏறவில்லை, அல்லது வட்டே தெரியவில்லை. "இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்டு" என்ற வரி இன்னும் மேலே இருந்தால் அரைகுறைக் கோப்பு என்பது பெரும்பாலும் உறுதி. பேனிக் ஆன பிறகு திரையை மேலே உருட்ட முடியாது. ஆகையால் கைப்பேசியில் வேகம் குறைத்த காணொளியாகப் பதிவுசெய்துகொண்டு, பின்னர் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். கட்டம் கட்டமாகச் செய்திகள் தெரிவதற்கு, கிரப் பட்டியலில் உரிய வரியில் நின்று ஆங்கில "இ" விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியிலிருந்து "கொயட்", "ஸ்பிளாஷ்" என்ற இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டு, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. வட்டில் எதுவும் எழுதப்படாது என்பதால் அச்சமின்றிச் செய்யலாம்.

இனிச் சரிசெய்யும் வழி. நல்ல வாய்ப்பாக, உபுண்டு பழைய கெர்னல் ஒன்றையாவது வழக்கமாக வைத்திருக்கும். கணினியை இயக்கியதும் பழைய பயாஸ் இயந்திரமாயின் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தும், யு.இ.எஃப்.ஐ. இயந்திரமாயின் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டியும் கிரப் பட்டியலை வரவழையுங்கள். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் சென்றால் கெர்னல்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாக இருக்கும். இரண்டாவதாக உள்ள பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டெஸ்க்டாப் வந்துவிட்டால், வேறு எதையும் செய்வதற்கு முன் வடிவமைப்புகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

அதன்பின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) வேலை. கட்டளைப் பெயர்களை நான் ஒலிப்பின்படி எழுதுகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் கட்டளையால் பாருங்கள். நிறைந்திருந்தால் ஆப்ட் ஆட்டோரிமூவ் மூலம் பழைய கெர்னல்களை நீக்குங்கள். பூட் கோப்புறைக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் பேக்கேஜ் நிர்வாகிக்குத் தெரியாமல் அழித்தவை அடுத்த அப்டேட்டில் வேறு சிக்கலாகத் திரும்பி வரும். இடம் சரியானதும், பாதியில் நின்ற நிறுவலை முடிக்க டிபிகேஜி கட்டளையை "--கான்ஃபிகர் -ஏ" என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். பல வேளைகளில் இந்த ஒன்றே எல்லாவற்றையும் நேராக்கிவிடும். பிறகு, ஐயத்துக்கு இடமில்லாமல், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை "-சி -கே" என்பதோடு புதிய கெர்னலின் பதிப்பு எண்ணைக் கொடுத்து ஓட்டி, கடைசியாக அப்டேட்-கிரப் கொடுங்கள். இந்த வரிசை முக்கியம்: துணைக்கோப்பு உருவான பிறகுதான் கிரப் அதைக் கண்டு தன் பட்டியலில் சேர்க்கும். ஃபெடோரா என்னும் வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் வேலையை டிராகட் கட்டளை செய்யும்.

பழைய கெர்னலும் பூட் ஆகவில்லை என்றால் ஒரு லைவ் யு.எஸ்.பி. வேண்டும். வேறொரு கணினியில் உபுண்டுவின் ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து இயக்கி, நிறுவாமல் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளை உங்கள் பகுதிகளைக் காட்டும். ரூட் பகுதியை முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, கோப்புகளை நகலெடுங்கள். ஃபார்மட் செய்யச் சொன்ன கடையில் இந்த ஒரு படியைச் செய்து தரும்படி கேட்டிருந்தால்கூட உங்கள் கவலையில் முக்கால்வாசி அன்றே தீர்ந்திருக்கும். நகல் எடுத்த பிறகு, அதே பகுதியை எழுதும் உரிமையோடு எம்என்டி கோப்புறையில் மவுண்ட் செய்யுங்கள். பூட் பகுதியும் யு.இ.எஃப்.ஐ. பகுதியும் தனியாக இருந்தால் அவற்றையும் அவற்றுக்குரிய இடத்தில் மவுண்ட் செய்யுங்கள்; டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் "--பைண்ட்" விருப்பத்தோடு உள்ளே இணைத்து, சிஎச்ரூட் மூலம் உங்கள் பழைய அமைப்புக்குள் நுழையுங்கள். பூட் பகுதியை மவுண்ட் செய்யாமல் உள்ளே போனால், புதிய கோப்புகள் ரூட் பகுதியில் இருக்கும் வெற்றுக் கோப்புறையில் எழுதப்படும். எல்லாம் சரியாக ஓடியதுபோல் தெரியும், மறுபடி இயக்கினால் அதே பேனிக் வரும். உள்ளே நுழைந்த பின் மேற்சொன்ன கட்டளைகளையே அதே வரிசையில் ஓட்டுங்கள்.

கோப்பு அமைப்பில் பழுது இருப்பதாகத் தெரிந்தால், கோப்பு அமைப்பைச் சோதித்துப் பழுது நீக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்ட எல்லோருக்கும் கை பரபரக்கும். அதற்கு முன் வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். திரைச் செய்திகளில் "ஐ.ஓ. எரர்" என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் அறிக்கையில் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களும் நிலுவையில் உள்ள செக்டர்களும் எண்ணிக்கையில் ஏறியிருந்தாலோ, வட்டே பழுதாகிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் உள்ளதையும் இழக்க நேரிடலாம்; டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் இன்னொரு வட்டுக்குப் பிரதியெடுத்து, பிரதியின் மேல்தான் பழுது நீக்க வேண்டும். வட்டு நலமாக இருந்து, மின்தடையால் கோப்பு அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால், மவுண்ட் செய்யாத நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது பாதுகாப்பானதே.

பழைய டெஸ்க்டாப் கணினி என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியையும் ஐயப்படுகிறேன். இரவில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில், இந்தச் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து தொடக்க நிலைக்குப் போய்விடும். தேதி பல ஆண்டுகள் பின்னால் காட்டுவது இதன் அடையாளம். கூடவே, சாட்டா வட்டை அணுகும் முறை ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ஐ.டி.இ. அல்லது ரெய்டு என மாறிவிட்டால், சில இயந்திரங்களில் நேற்றுவரை தெரிந்த வட்டு இன்று கெர்னலுக்குத் தெரியாமல் போகும். அப்போது பெரும்பாலும் பேனிக் வராது, குறிப்பிட்ட யு.யு.ஐ.டி. (கோப்பு அமைப்பின் தனி அடையாள எண்) இல்லை என்று சொல்லி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு ஒரு சிறு கட்டளைத் தூண்டி வந்து நிற்கும். பேட்டரியை மாற்றி, பயாஸில் பழைய முறையைத் திருப்பி வைத்தால் போதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரம் தண்ணீர் புகுந்த கடைகளில் இருந்த இயந்திரமாயின், ரேம் பொருந்தும் இடத்தையும் சாட்டா கேபிள் முனைகளையும் திறந்து பார்த்து, துரு அல்லது பச்சை படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பேனிக் ஆனால், மெம்டெஸ்ட்86+ ஓட்டி ரேமைச் சோதிப்பதுதான் அறிவுடைமை. மென்பொருள் கோளாறு எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இடம் மாறிக்கொண்டே இருப்பது வன்பொருளின் பக்கம் சந்தேகத்தைத் திருப்ப நல்ல காரணம்.

இனி உங்கள் மகளின் லேப்டாப். வரி ஒன்றாக இருந்தாலும் காரணம் பெரும்பாலும் வேறு. தன் கையால் கெர்னலைக் கட்டமைக்கும் மாணவர்கள், எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பையும் என்.வி.எம்.இ. வட்டு டிரைவரையும் மாட்யூலாக (கெர்னலுக்கு வெளியே, தேவைப்படும்போது ஏறும் தனிக்கோப்பாக) விட்டுவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்ய முயல்வார்கள். அந்த மாட்யூல்கள் வட்டில் இருக்கின்றன. வட்டைப் படிக்க அந்த மாட்யூல்கள் வேண்டும். ஆகவே கெர்னல் நின்றுவிடுகிறது. இரண்டையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டாலும் 0,0 தொடர்ந்து வரலாம் என்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. கிரப் எழுதும் வரியில் ரூட் பகுதி வழக்கமாகக் கோப்பு அமைப்பின் யு.யு.ஐ.டி. மூலம் குறிக்கப்படுகிறது. அந்த அடையாளத்தைப் படித்துச் சாதனத்தோடு பொருத்துவது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள நிரல்களின் வேலை. கெர்னலுக்குத் தானாக அது தெரியாது. கெர்னல் நேரடியாகப் புரிந்துகொள்வது சாதனப் பெயர், பார்ட்யுயுஐடி என்னும் பார்ட்டிஷன் அடையாளம் போன்றவற்றைத்தான். எனவே இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்வதே பயிற்சியின் நோக்கமாயின், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் பார்ட்யுயுஐடியை ரூட் வரியில் கொடுக்கச் சொல்லுங்கள். அது நோக்கமில்லை என்றால், உபுண்டு தந்திருக்கும் கான்ஃபிக் கோப்பை (கெர்னல் அமைப்புகளின் பட்டியலை) பூட் கோப்புறையிலிருந்து எடுத்து, ஓல்ட்டெஃப்கான்ஃபிக் மூலம் புதிய பதிப்புக்கு ஏற்றி, அதிலிருந்து தொடங்குவதே நல்லது. லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற குறுக்குவழி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அந்தக் கணத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் அது எடுத்துக்கொள்வதால், அப்போது செருகாமலிருந்த சாதனங்களெல்லாம் விடுபட்டுப் போகும்.

அவர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. மாட்யூல்களை நிறுவும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 என்று கொடுக்காவிட்டால், பிழைத்திருத்தத் தகவல்களோடு அவை பெருத்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸும் அதற்கேற்பப் பெருத்து பூட் பகுதியை நிரப்பிவிடும். கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் கையொப்பமிடாத கெர்னலை கிரப் ஏற்றவே மறுத்து "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று சொல்லும். ரூட் பகுதி கிடைத்த பிறகு "அட்டெம்ப்டட் டு கில் இனிட்" என்று பேனிக் ஆனால், அதனோடு வரும் எக்ஸிட்கோட் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 0x00007எஃப்00 என்பது இனிட் நிரல் 127 என்ற குறியோடு முடிந்ததைக் காட்டும், அது வழக்கமாக ஒரு லைப்ரரி காணாமல் போனதன் அறிகுறி. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய கெர்னலை லேப்டாப்பில் நிறுவுவதற்கு முன் கியூஎமு என்னும் மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளட்டும். அங்கே சீரியல் கன்சோல் வழியாக எல்லாச் செய்திகளும் டெர்மினலில் வந்து விழும், தேடலாம், சேமிக்கலாம். ஒரு பதிப்பில் வேலை செய்து அடுத்த பதிப்பில் நின்றுவிட்டால், கோளாறு தந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது. 16,384 மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியை 14 சோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம். கம்பைல் செய்யும் நேரத்துக்குத்தான் பொறுமை வேண்டும்.

உங்கள் கணினி எழுந்த பிறகு, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வருமல்லவா, அந்த நாளிலும் ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் வந்து வந்து போகும் நேரங்களிலும் கெர்னல் அப்டேட்டைத் தவிருங்கள். தானாக ஓடும் அப்டேட்டும் அந்நேரம் தொடங்கிவிடாதபடி அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்குச் செலவழிப்பது வீண் அன்று. அப்டேட்டை முடித்து ஒழுங்காக அணைக்கும் நேரத்தை அது தந்தாலே போதும்.

இதையெல்லாம் செய்தும் நிற்கிறது என்றால், எனக்கு நான்கு தகவல்கள் வேண்டும்: பேனிக் வரிக்கு மேலே உள்ள பார்ட்டிஷன் பட்டியல் தெரியும்படியான படம், கிரப்பில் "இ" அழுத்தும்போது வரும் லினக்ஸ், இனிட்ஆர்டி வரிகள், லைவ் யு.எஸ்.பி.யிலிருந்து பிஎல்கேஐடி கட்டளை தரும் வெளியீடு, பூட் கோப்புறையில் உள்ள கோப்புகள் அளவோடு. அவை கிடைத்தால் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்த்து மேற்கொண்டு எழுதுகிறேன்.